பொருளோட்டக் கணக்கு: ஒரு சிறு சாயப்பட்டறையின் நிலைபேறு

தான் எடுத்தாளும் நிலத்தையும் நீரையும் காற்றையும் பின்வருவோர்க்குக் குறைவின்றி விட்டுச்செல்லும் வகையில் ஒரு தொழில் இயங்குவதை நிலைபேறு என்கிறோம். 1987ஆம் ஆண்டு புருண்ட்லாந்து ஆணையம் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த அறிக்கை இக்கருத்தை உலகறியச் செய்தது. எனினும் அவ்விளக்கம் அறத்தின் மொழியில் அமைந்தது. பட்டறையின் வாயிலைக் கடந்து உள்ளே புக வேண்டுமானால் அது அளவின் மொழிக்கு மாறியாக வேண்டும். ஆகவே இங்கு நிலைபேற்றை இவ்வாறு வரையறுத்துக்கொள்வோம்: ஒரு தொழிலினுள் நுழையும் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு, எவ்வடிவில், எவ்வழியே வெளியேறுகிறது என்பதை அறிந்திருப்பதும், வெளியேறும் ஒவ்வொன்றையும் கேடின்றி ஏற்கும் இடம் உண்டெனக் காட்டுவதும் நிலைபேறாகும். இவ்வரையறையை ஏற்றுக்கொள்வோமாயின், புதுத்தொழில் தொடங்குவோர்க்குப் பணக்கணக்கு எழுதும் ஏட்டின் அருகே பொருளோட்டக் கணக்கு எழுதும் ஏடு ஒன்றும் வேண்டும் என்பது தானே விளங்கும்.

இவ்வேட்டுக்கு அடிப்படையாக நிற்பவை இரண்டு நெறிகள். முதலாவது, நிறை அழியா நெறி. வேதி மாற்றத்தின் முன்னும் பின்னும் பொருள்களின் மொத்த நிறை மாறுவதில்லை என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லவாசியே 1789இல் வெளிவந்த தம் வேதியியல் நூலில் தெளிவுற எடுத்துரைத்தார். ஆய்வகக் குடுவைக்குப் பொருந்தும் இந்நெறி பட்டறையின் நான்கு சுவர்களுக்கும் அவ்வாறே பொருந்தும். உள்ளே வந்த எடை, வெளியே சென்ற எடையும் உள்ளே தங்கிய எடையும் கூடியதற்கு ஈடாக வேண்டும். ஈடாகாவிடின், ஏதோ ஒன்று நம் கண்ணுக்குத் தப்பி வெளியேறுகிறது. இரண்டாவது, கலப்பு நெறி. பொருள்கள் தாமே கலக்கும், தாமே பிரியா. கலந்தவற்றைப் பிரிக்க ஆற்றல் செலவாக வேண்டும் என்பது வெப்ப இயங்கியலின் இரண்டாம் நெறியிலிருந்து பிறக்கும் முடிவாகும். எத்துணை நுண்ணிய பொறியை அமைப்பினும் ஓர் எல்லைக்குக் கீழ் அச்செலவைக் குறைக்க இயலாது. கூழில் கரைந்த உப்பைத் திரும்ப எடுப்பது எவ்வளவு அரிதென அறிந்தோர் இந்நெறியின் வலிமையை உணர்வர்.

ஒரு தொழிலினுள் நுழையும் பொருள்களை மூவகையாகப் பகுக்கலாம். விளைபொருளின் உடம்பாகவே ஆகி அதனோடு வெளியேறுவது உடனுறை பொருள். ஆடைக்குப் பருத்தி நூலும் அப்பத்துக்கு மாவும் அத்தகையன. வினைக்குத் துணைநின்று, வினை முடிந்தபின் தனியே வெளியேறுவது துணைசெய் பொருள். வெப்பமாகவும் இயக்கமாகவும் மாறிச் செலவழிவது எரிபொருள். முதல்வகைப் பொருளை எவரும் வீணாக்க விரும்பார், அதன் விலையே அதற்குக் காவல். மூன்றாம் வகையின் செலவு மாதந்தோறும் கட்டணச் சீட்டாக வந்து தன்னை நினைவூட்டும். இரண்டாம் வகையோ விலை மலிந்ததாகவும், வெளியேறும் வழி கண்ணுக்குப் புலப்படாததாகவும் இருப்பதால் எந்தக் கணக்கிலும் சிக்குவதில்லை. தொழில்களால் நேரும் நீர்க்கேட்டுக்கு இவ்வகை வழிவகுப்பது அதனாலேயே. துணைசெய் பொருள் மிகுந்த தொழிலுக்குத் திருப்பூரின் பின்னலாடைச் சாயப்பட்டறையைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இல்லை. ஆதலின் நாளொன்றுக்கு 500 கிலோ துணிக்குச் சாயமேற்றும் சிறு பட்டறை ஒன்றைப் புதிதாகத் தொடங்குவதாகக் கொண்டு, அதன் ஏட்டை எழுதிப் பார்ப்போம்.

சாயமேறும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். பருத்தி இழை செல்லுலோசு என்னும் நெடும் மூலக்கூறுகளால் ஆயது. அதன்மீது நிலையாகப் பற்றும் சாயங்களுள் தலையாயது வினைச்சாயம். இங்கிலாந்தில் இராட்டீ, சுடீவன் என்னும் இருவர் கண்டறிந்த இவ்வகைச் சாயம் 1956இல் விற்பனைக்கு வந்தது. பழைய சாயங்கள் இழையின்மேல் ஒட்டியிருந்தன. வினைச்சாயமோ இழையோடு வேதிப் பிணைப்புக் கொண்டு அதன் உறுப்பாகவே ஆகிறது. ஆனால் அப்பிணைப்பு நிகழ்வதற்கு ஒரு தடை உண்டு. நீரில் மூழ்கிய பருத்தி எதிர்மின்னூட்டம் உடையது. சாயத்தின் மூலக்கூறும் அவ்வாறே எதிர்மின்னூட்டம் உடையது. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். உப்பை மிகுதியாகக் கரைத்தால், அதன் நேர்மின் அயனிகள் இடைநின்று அவ்விலக்கத்தைத் தணிக்க, சாயம் இழையை அணுகுகிறது. பின்னர்ச் சோடியம் கார்பனேட்டு என்னும் காரத்தைச் சேர்த்ததும் பிணைப்பு உண்டாகிறது. எனவே உப்பு இங்கே சாயமும் ஆவதில்லை, ஆடையும் ஆவதில்லை. இரு பகையை இணக்கி வைத்தபின், எவ்வளவு வந்ததோ அவ்வளவும் திரும்பிச் செல்ல வேண்டிய பொருள் அது. காரத்தோடு சேர்ந்த நீர், இழையைச் சென்றடையாத சாயத்தையும் தாக்கி, இனி எந்த இழையோடும் பிணையாத அழிசாயமாக அதனை மாற்றிவிடுகிறது.

இனி அளவுகளுக்கு வருவோம். அடர்நிறம் வேண்டும் 100 கிலோ துணியை, எடையில் பத்து மடங்கு நீர் கொண்ட பொறியில் இடுவதாகக் கொள்வோம். துணியின் எடைக்கும் குளியல் நீருக்கும் உள்ள இவ்வளவைத் துணிநீர் வீதம் எனலாம்; பட்டறைகளில் இதனை எம்.எல்.ஆர். என வழங்குவர். 1:10 என்னும் வீதத்தில் நீர் 1,000 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் உப்பும் 20 கிராம் காரமும் இட்டால், உப்பு 60 கிலோ, காரம் 20 கிலோ. துணியின் எடையில் 3 விழுக்காடு சாயம், அதாவது 3 கிலோ. அதில் 70 விழுக்காடு பிணைந்தால் துணியில் தங்குவது 2.1 கிலோ. கூட்டிப் பார்த்தால் நீரும் துணியும் நீங்கலாக உள்ளே வந்தது 83 கிலோ. துணியோடு சென்றது 2.1 கிலோ, எஞ்சிய ஏறத்தாழ 81 கிலோவும் வடிகாலை நோக்கிச் செல்கிறது. துணைமருந்துகளையும் வெளுப்புக் குளியலின் பொருள்களையும் இன்னும் சேர்க்கவில்லை. இந்த ஒற்றை வரியை எழுதிப் பார்த்தவர், சாயப்பட்டறை என்பது துணிக்கு நிறமூட்டும் தொழில் என்பதோடு, எடைக்கணக்கில் நோக்கின் உப்பை நீரில் கரைத்து அனுப்பும் தொழிலாகவும் இருப்பதைக் காண்பர்.

அச்சாயக்குளியலின் உவர்ப்பு கடல்நீரின் உவர்ப்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மிகுதி. வெளியேறும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியாவில் வகுக்கப்பட்ட எல்லை; சாயக்குளியலில் உள்ள உப்பு மட்டுமே லிட்டருக்கு 60,000 மில்லிகிராம், எல்லையைப் போல 28 மடங்கு. நிறத்தை நுண்ணுயிர்களைக் கொண்டும் வேதிப்பொருள்களைக் கொண்டும் சிதைத்துவிடலாம். உப்பைச் சிதைக்கும் நுண்ணுயிர் எதுவும் இல்லை; அது எல்லாத் தொட்டிகளையும் கடந்து தெளிந்த நீரின் தோற்றத்தோடு வெளிவரும். நிறம் நீங்கிய நீரைக் கண்டு தூய்மையடைந்தது எனக் கருதியமையே பல ஆண்டுகள் நீடித்த பெரும்பிழையாக இருந்தது.

அப்பிழையின் விளைவை நொய்யல் சுமந்தது. வெள்ளிங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் அவ்வாற்றின் குறுக்கே, ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென ஓர் அணை 1992இல் கட்டி முடிக்கப்பெற்றது. நீருக்காகக் காத்திருந்த கழனிகளுக்கு அவ்வணை தந்தது சாயக்கழிவு தேங்கிய உவர்நீர். சோடியம் மிகுந்த நீர் நிலத்தில் பாயும்போது, களிமண் துகள்களை ஒன்றுசேர்த்து வைத்திருக்கும் கால்சியத்தை அது வெளியேற்றி அவ்விடத்தைத் தான் பற்றிக்கொள்கிறது. துகள்கள் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைக்க, மேலே நின்ற நீர் கீழே இறங்காமலும் வேர் மூச்சுவிடாமலும் நிலம் இறுகிவிடுகிறது. உப்புப் பூத்த நிலத்தை உவர் என்றும், இவ்வாறு இறுகிக் கெட்ட நிலத்தைக் களர் என்றும் நம் உழவர் வேறுபிரித்து வழங்குவது இன்றைய மண்ணியல் பகுப்போடு முற்றும் ஒத்திருக்கிறது. ஆயக்கட்டு உழவர்கள் வழக்குமன்றம் ஏறினர். கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத நிலையை எய்தாத 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பொருளோட்டக் கணக்கில் எழுதப்படாத உப்பு, ஒரு நகரின் தொழிலையே ஒருநாளில் நிறுத்தியது. அதனைப் பட்டறையாளர்க்கு நேர்ந்த இடராக மட்டும் பேசுவோர் உண்டு. அவ்வேளையில் வேலையிழந்த தொழிலாளரின் துன்பம் மெய்யானது. ஆயினும் பாழ்பட்ட கிணறும் பட்டுப்போன தோப்பும் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே வழங்கப்பட்ட தண்டனை என்பதையும், அத்தண்டனையைப் பெற்றோர் பிழை செய்யாதோர் என்பதையும் உடன்வைத்துப் பேசுதலே நேர்மை.

புதிதாகத் தொடங்குவோர் பெற்றிருக்கும் பெரும்பேறு, அவர்தம் பொறிகள் இன்னும் வாங்கப்படவில்லை, குழாய்கள் இன்னும் புதைக்கப்படவில்லை என்பதே. ஓடிக்கொண்டிருக்கும் பட்டறையில் பிற்காலத்தில் செய்யும் திருத்தம் எதுவும், தொடக்கத்தில் எடுக்கும் மூன்று நான்கு முடிவுகளின் வலிமைக்கு ஈடாகாது. அவற்றுள் முதலாவது பொறியின் துணிநீர் வீதம். உப்பும் காரமும் துணியின் எடைக்கு இடப்படுவதில்லை, நீரின் கொள்ளளவுக்கே இடப்படுகின்றன. ஆதலால் 1:6 என்னும் வீதத்தில் இயங்கும் பொறியைத் தேர்ந்தால் அதே 100 கிலோ துணிக்கு நீர் 600 லிட்டர், உப்பு 36 கிலோ, காரம் 12 கிலோ. உப்பில் மட்டும் 24 கிலோ குறைகிறது. நாளுக்கு 500 கிலோ, ஆண்டுக்கு 300 நாள் எனின், அந்த ஒரே முடிவு 36 டன் உப்பை உள்ளே வராமலே தடுத்துவிடுகிறது. வெளுப்பு முதல் இறுதி அலசல் வரை எட்டுக் குளியல்கள் என வைத்துக்கொண்டால், ஆண்டில் மீதமாகும் நீர் 48 இலட்சம் லிட்டர். 1,000 லிட்டர் நீரின் வெப்பநிலையை 30 பாகை செல்சியசு உயர்த்த ஏறத்தாழ 35 கிலோவாட்டு மணி ஆற்றல் வேண்டும் என்பதால், நீர் குறைந்த அளவுக்கு எரிபொருளும் குறையும். தாழ்ந்த வீதத்துப் பொறி விலை மிக்கது. பழைய பொறியை மலிவாக வாங்கித் தொடங்கும் ஆசை எழுவது இயல்பே. அந்த மலிவு வாங்கும் நாளில் ஒருமுறை கிடைக்கும். அதன் செலவோ பொறி தேயும் நாள்வரை ஒவ்வொரு குளியலிலும் திரும்ப வரும்.

இரண்டாம் முடிவு, எந்த உப்பு என்பது. சோற்றுப்பும் சோடியம் சல்பேட்டும் ஆகிய இரண்டும் சாயமேற்றப் பயன்படுகின்றன. சோற்றுப்பு விலை குறைந்தது. ஆயின் மீட்கும் கண்கொண்டு நோக்கினால் நிலை மாறும். சோடியம் சல்பேட்டின் கரைதிறன் வெப்பத்தோடு பெரிதும் மாறுவது: 32 பாகையில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 50 கிராம் கரையும் அது, உறைநிலையில் 5 கிராம் அளவே கரையும். ஆகவே செறிந்த கழிவுநீரைக் குளிர்வித்தாலே, கிளாபர் உப்பு என்னும் பளிங்குகளாக அது தானே பிரிந்து நிற்கும். அப்பளிங்குகளை எடுத்து அடுத்த குளியலுக்கு இடலாம். சோற்றுப்பின் கரைதிறனோ வெப்பத்தால் சிறிதே மாறுவதால் குளிர்ச்சிக்கு அது பணிவதில்லை. இவ்விரண்டையும் அன்றன்றைய விலைக்கேற்ப மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் பட்டறையில் இறுதியில் கிடைப்பது கலவை உப்பு. அதனைச் சாயத்துக்கும் இட இயலாது, நிலத்துக்கும் விட இயலாது. மூட்டைகளில் கட்டிக் கொட்டகைகளில் அடுக்கிக் காக்க வேண்டிய சுமையாக அது எஞ்சுகிறது. ஒரே உப்பைத் தேர்ந்து அதிலேயே நிற்பது, எந்தப் பொறியும் வாங்காமல் எடுக்கக்கூடிய முடிவு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மூன்றாவது, வடிகால்கள். எல்லாக் குளியல்களையும் ஒரே கால்வாயில் விடுவது கட்டுமானத்தில் எளிது. கலப்பு நெறியின்படி அதுவே மிகுந்த செலவுடையது. இதன் அளவைச் சவ்வூடு அழுத்தம் காட்டும். உப்புநீரை ஒரு நுண்சவ்வின் வழியே அழுத்தித் தூயநீரைப் பிரிக்கும் முறை எதிர்ச் சவ்வூடு பரவல். அதற்குப் பயன்படத்தக்க சவ்வை இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராசனும் சிட்னி இலோபும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினர். உப்பின் செறிவு எவ்வளவோ அவ்வளவுக்குத் தடையழுத்தம் எழும்: லிட்டருக்கு 5 கிராம் உள்ள அலசல் நீரில் அது காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4 மடங்கு, 60 கிராம் உள்ள சாயக்குளியலில் ஏறத்தாழ 50 மடங்கு. எனவே அலசல் நீரைத் தனிக்குழாயில் கொண்டுசென்றால், சிறிய அழுத்தத்தில் அதன் பெரும்பகுதி தூயநீராக மீளும். சாயக்குளியலைத் தனியே எடுத்து, நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, உப்புநீராகவே அடுத்த குளியலுக்குத் திருப்பலாம். திருப்பூரின் பொதுத் தூய்மைப்பாட்டு நிலையங்கள் சிலவற்றில் இம்முறை நடைமுறையில் உள்ளது. பிரிக்க வேண்டிய தேவையையே பிரித்து வைப்பதன்மூலம் தவிர்த்துவிடுவது இதன் நுட்பம்.

அலசும் முறையிலும் இத்தகைய நுட்பம் ஒன்று உண்டு. அது எண்கணக்கின் அழகு எனலாம். குளியலை வடித்தபின் ஒரு கிலோ துணியில் 2 லிட்டர் உப்புநீர் தங்குகிறது எனவும், அலச 18 லிட்டர் நீர் உண்டு எனவும் கொள்வோம். 18 லிட்டரையும் ஒருசேர ஊற்றினால் உப்பு பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஒன்பது ஒன்பதாக இருமுறை ஊற்றி வடித்தால் முப்பதில் ஒரு பங்காகும். ஆறு ஆறாக மும்முறை ஊற்றினால் அறுபத்து நான்கில் ஒரு பங்கே எஞ்சும். நீர் அதே 18 லிட்டர்தான். அதனைப் பகிர்ந்த ஒழுங்கு ஒன்றே ஆறு மடங்கு தூய்மையைத் தந்தது. உப்பைப் பொறுத்தவரை இக்கணக்கு நன்கு பொருந்தும். சாயத்துக்கு அது போதாது, அழிசாயம் இழையைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையதால் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் சோப்பிட்டு அலச வேண்டும். உப்பு எஞ்சியிருந்தால் அது சாயத்தை இழையோடு சேர்த்தே வைத்திருக்கும் என்பதால், முதலில் உப்பை அகற்றிப் பின்னர்ச் சோப்பிடுதல் முறை. வெளுப்பின் பின்னர் எஞ்சும் பெராக்சைடை நீக்கப் பலமுறை அலசுவதற்கு மாறாகக் கேட்டலேசு என்னும் நொதியைச் சிறிதளவு இடலாம். அதன் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் நூறாயிரக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளை நீராகவும் உயிர்வளியாகவும் பிரித்துவிடும். நீரைக் கொட்டிச் செய்த வேலையை அறிவைக் கொண்டு செய்வது என இதனைக் கூறலாம்.

வெப்பத்தின் கணக்கும் இவ்வாறே. 90 பாகையில் வடியும் 600 லிட்டர் சோப்புநீரை, 30 பாகையில் உள்ள 600 லிட்டர் புதுநீருக்கு எதிர்த்திசையில் மெல்லிய தகட்டின் மறுபுறம் ஓடவிட்டால், கழிவு 50 பாகைக்குத் தணிய, புதுநீர் 70 பாகைக்கு ஏறும். வெளியேறும் கழிவைவிடப் புதுநீர் சூடாக வெளிவருவது முதற்பார்வையில் நம்புதற்கு அரிது. எதிரோட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் கழிவே சற்று மிகுந்த சூட்டோடு நிற்பதால் எந்நெறியும் மீறப்படுவதில்லை. மீட்ட வெப்பம் ஏறத்தாழ 7 கிலோ விறகுக்கு ஈடு. சூடான கழிவைத் தாங்காத நுண்ணுயிர்த் தொட்டிக்கும் சவ்வுக்கும் இதனால் வந்த காவல் வேறு.

இத்தனையும் செய்தபின்னரும் இறுதியில் ஒரு பகுதி செறிநீர் எஞ்சும். அதனை ஆவியாக்கியே உப்பை எடுக்க வேண்டும். 1,000 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும் உள்ளுறை வெப்பம் ஏறத்தாழ 627 கிலோவாட்டு மணி. இழப்பே இல்லாத கொதிகலன் என வைத்துக்கொண்டாலும் 150 கிலோ விறகு. ஒரு கலத்தில் எழுந்த ஆவியைக் கொண்டு, அழுத்தம் குறைந்த அடுத்த கலத்தைக் கொதிக்கச் செய்யும் பலநிலை ஆவியாக்கி மூன்று கலங்களில் அச்செலவை மூன்றில் ஒரு பங்களவுக்குக் கொண்டுவரும். இதனை, கடல்நீரிலிருந்து 1,000 லிட்டர் குடிநீரைச் சவ்வின்வழிப் பெற நிலையங்களில் ஆகும் 3 முதல் 4 கிலோவாட்டு மணியோடு ஒப்பிட்டால், ஆவியாக்கும் தொட்டிக்குச் செல்லும் ஒவ்வொரு லிட்டரையும் முன்னரே குறைத்தல் எத்துணை இன்றியமையாதது என்பது புலனாகும். முன்னே சொன்ன முடிவுகள் அனைத்தும் இந்த 627 என்னும் எண்ணை நோக்கியே அமைந்தவை.

சட்டத்தின் வழி குறுகியது, நேரானது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கான இசைவாணையும் இயக்குவதற்கான இசைவாணையும் பெற வேண்டும். சாயத்தொழில் சிவப்பு வகையைச் சார்ந்தது. ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இத்தகைய தொழில்கள் தோன்றுவதை அரசு 1989இலேயே தடைசெய்தது. தனியே கழிவுநீரை முற்றும் மீட்க வலிவில்லாத சிறுபட்டறைகள் பொதுத் தூய்மைப்பாட்டு நிலையம் ஒன்றில் உறுப்பாகலாம். திருப்பூரில் அத்தகைய நிலையங்கள் 18 உள்ளன. பொதுநிலையம் உண்டு என்பது பட்டறையின் பொறுப்பைக் குறைப்பதில்லை. அங்கே ஒவ்வொரு லிட்டருக்கும் கட்டணம் உண்டு. அக்கட்டணமே பட்டறையாளரின் கையில் உள்ள நல்ல அளவுகோல்.

பணத்தின் கேள்வியைத் தள்ளிவைக்க இயலாது. சாயப்பட்டறை பெரும்பாலும் கூலிக்குச் சாயமேற்றும் தொழில். கிலோவுக்கு இவ்வளவு எனப் பேசும் கூலியில் உப்பை மீட்கும் செலவைச் சேர்த்துக் கேட்கும் வலிமை புதியவர்க்கு இராது. 2011இல் வெளிவந்த ஐ.எசு.ஓ. 14051 என்னும் உலகத் தரவரைவு இங்கே துணைசெய்யும். வீணாகும் பொருளையும் ஒரு விளைபொருளாகவே கருதி, அதன்மேல் ஏறிய பொருட்செலவு, ஆற்றல் செலவு, உழைப்புக் கூலி ஆகிய எல்லாவற்றையும் அதன் பெயரிலேயே எழுத வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்வாறு எழுதினால் வடிகாலில் செல்லும் 81 கிலோவின் விலை, உப்பு வாங்கிய விலையைவிடப் பன்மடங்காகத் தோன்றும். நிறம் பிழைத்து மறுமுறை சாயமேற்றும் ஒவ்வொரு துணியும் எல்லாச் செலவுகளையும் இரட்டிக்கும் என்பதும் அவ்வேட்டில் தெரியும். முதல்முறையிலேயே நிறம் செம்மையாக அமைய ஆய்வறைக்குச் செய்யும் செலவு, கழிவுநீர்த் தூய்மைக்குச் செய்யும் செலவே என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் பட்டறையாளரின் திறமையால் மட்டும் எல்லாம் ஈடாகும் எனக் கூறுவது உண்மையாகாது. திருப்பூரில் மீட்கப்படும் நீரின் விலையை, நீரை ஆற்றில் விடும் நாட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசும் ஆடை வணிகர், அந்த ஆற்றின் கேட்டில் பங்காளி ஆவர். மீட்புச் செலவைக் கூலியில் தனிவரியாக எழுதிக் காட்டுவதும், அதனைக் குறைத்துப் பேசாதிருப்பதும் வணிக அறமாக வேண்டும்.

கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத பட்டறை என்னும் பெயரும் கவனத்தோடு ஆளத்தக்கது. நிறை அழியா நெறியின்முன் எந்தப் பட்டறையும் எதனையும் இல்லாமற் செய்வதில்லை. நீராக வெளியேறாத உப்பு மூட்டையாக எஞ்சுகிறது. அதனைப் பிரித்த வெப்பம் கரிவளியாகக் காற்றில் ஏறுகிறது. சேறு கொட்டகையில் காய்கிறது. ஞாயிற்றொளியும் காற்றாலையும் மின்செலவை ஏற்கலாம். கொதிகலனின் வெப்பத்தை அவை இன்னும் முழுதும் ஏற்கவில்லை. 85 விழுக்காடு வரை பிணையும் இருகை வினைச்சாயங்கள் அழிசாயத்தைப் பாதியாக்குகின்றன. பருத்திக்கே நேர்மின்னூட்டம் அளித்து உப்பின்றிச் சாயமேற்றும் முறையும் ஆய்வில் வளர்ந்துவருகிறது. நிறம் சீராகப் பரவுவதில் உள்ள இடர்ப்பாடு நீங்குமாயின் 60 கிலோ என்னும் வரி ஏட்டிலிருந்தே மறையும். அந்நாள் வரும்வரை, எது எங்கே சென்றது என்பதை மறைக்காமல் எழுதும் ஏடே நம்பத்தக்கது.

அவ்வேட்டை எந்த மொழியில் எழுதுவது? இக்கட்டுரையில் வந்த நெறிகளும் கணக்குகளும் தமிழில் தடையின்றி நடந்தன. பட்டறைச் சுவரிலும் அவ்வாறே நடக்கும். எந்தக் குளியலை எந்த வடிகாலில் விடுவது என்பதைத் தீர்மானிப்பது முதலாளியின் அறையன்று, குழாயின் திருகைப் பிடித்திருக்கும் தொழிலாளியின் கை. ஆதலின் துணிநீர் வீதம், உப்பின் அளவு, அலசல் முறை, வடிகாலின் பெயர் ஆகிய நான்கும் அவர் படிக்கும் மொழியில் பொறியின் அருகே எழுதப்பட வேண்டும். பிற மாநிலங்களிலிருந்து வந்து இங்கு உழைப்போர்க்கு அவரவர் மொழியிலும் எழுதப்பட வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்கள் இப்பலகைகளை எழுதித் தரலாம். மாணவர்க்கு ஒரு பட்டறையின் பொருளோட்டக் கணக்கை எழுதும் பயிற்சியைப் பாடமாகவே வைக்கலாம். புதிதாகத் தொழில் தொடங்குவோரிடம் கேட்பது ஒன்றே. பொறிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முதல்நாள், 100 கிலோ துணிக்கான வரவையும் செலவையும் கிலோவிலும் லிட்டரிலும் ஒரு தாளில் எழுதுங்கள். நீர் நுழையும் இடத்திலும், சாயக்குளியல் வடியும் இடத்திலும், அலசல் நீர் வடியும் இடத்திலும், கொதிகலனிலும் ஓர் அளவி பொருத்த இடம் விட்டுக் கட்டுங்கள்.